தெருக்குத்து வீடு

எங்கள் வீட்டை விற்க விடாமல் தடுத்தவர் பிள்ளையார் என்று சொன்னால் பாவம் வந்து சேரும் என்பார்கள். வரட்டும். பட்டதற்கு மேல் புதிதாக ஒன்றும் வந்துவிடப் போவதில்லை.

கும்மிடிப்பூண்டியில், ரயில்வே கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், பின்னால் கிணறு, மேலே ஓடு. கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. என் கணவர் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். அறுபதுகளின் நடுவில் கடன் வாங்கிக் கட்டினோம். குடிபோன அன்று அவர் கிணற்றடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இனிமே எந்த ஊட்டுக்காரனும் நம்மள காலி பண்ணுன்னு சொல்ல முடியாது” என்றார். அது உண்மைதான். பிறகு நாங்களே காலி பண்ண ஆசைப்பட்டும் முடியவில்லை.

பட்டறையில் முதலாளிக்கும் ஆட்களுக்கும் தகராறு வந்து, ஒரு தீபாவளிக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். அதன் பிறகு திறக்கவே இல்லை. எழுபதுகள் தொடங்கிய சமயம். இவர் மெட்ராஸில் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியில், கூட வேலை பார்த்த ஒருவர் வடக்கே ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்து, இவரையும் கூப்பிட்டார். ஆந்திராவைத் தாண்டி, ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து போக வேண்டிய ஊர். நல்ல சம்பளம், குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு என்றார்கள். இவர் முதலில் போவது, வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு நானும் மகளும் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தோம். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பொங்கலுக்குள் விற்றுவிடும் என்று நினைத்து, பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் வைக்கோல் சுற்றிக் கோணியில் தைத்து வைத்தேன். அதுவரைக்கும் இரண்டு அலுமினியச் சட்டி போதும் என்று சமாளித்தேன்.

தரகர் திருவள்ளூர்க்காரர். வெயிலோ மழையோ குடையை விரிக்காமல் கக்கத்திலேயே வைத்திருப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேருமே ஒன்றாகப் போய்விடுகிறோமே, சாவியை உங்களிடம் கொடுக்கிறோம் என்று நான் கேட்டதற்கு அவர் பதறிப்போனார்.

“வாணாம்மா. வெளக்கு ஏத்தாத ஊட்டுக்கு நான் ஆள இட்டுனு வந்தா, ஏன் காலியா கீதுன்னுதான் மொதல்ல கேப்பான். அப்பால பேயி பிசாசுன்னு ஒரு பேரு கெளம்பிச்சின்னா முடிஞ்சிது. நீ இங்க இருந்து வாசத் தெளிச்சி வெளக்கு ஏத்திக்கினு இரு. ஊடு தானா போயிடும்.”

“வாடகைக்கு உட்டா?” என்றார் என் கணவர்.

“உட்டா அவன் எந்திரிக்க மாட்டான் சார். அப்பால கோர்ட்டு பேஜாரு.”

ஆக, வீட்டுக்கு விளக்கேற்ற நான் இங்கே, சம்பாதிக்க அவர் அங்கே. இதை முடிவு செய்தது அந்தக் குடைக்காரர். நாங்களும் தலையை ஆட்டினோம்.

வடக்கே போகிற மெயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. மெட்ராஸ் போய்த்தான் ஏற வேண்டும். ஏறினால் எங்கள் வீட்டுப் பக்கமாகவே வண்டி திரும்பி வரும். “கேட்டாண்ட வந்து நில்லுங்க, நான் வாசப்படில நிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் மகளும் கேட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றோம். வண்டி வந்த வேகத்துக்கு முகம் பிடிபடவில்லை. தோள் துண்டை எடுத்து ஆட்டினார், அது மட்டும் தெரிந்தது. மகள் தப்பான பெட்டியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, “நைனா சிரிச்சிது” என்றாள். நான் திருத்தவில்லை.

பொங்கல் வந்தது, போனது. வாங்க ஆள் வரவில்லை. ஊர் முழுக்க அப்போது தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு. பேட்டை வந்தால் நிலம் விலை ஏறும் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். நடந்தது நேர்மாறு. சர்க்கார் எந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், எதை விடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு வாங்கி நாளைக்கு அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து நின்றால் என்ன செய்வது என்று பயந்து, காசு வைத்திருந்தவன் எல்லாம் மடியை இறுக்கிக்கொண்டான். விற்கிறவர்கள் மட்டும் தெருவுக்குத் தெரு இருந்தோம். கடைத்தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் “போச்சா?” என்று கேட்டுக்கொள்வோம். சொல்லப்போனால், அடுத்தவர் வீடு விற்றுவிட்டதோ என்ற பயத்தில்தான் கேட்பது.

மாதத்துக்கு ஒருவர், இரண்டு மாதத்துக்கு ஒருவர் என்று பார்க்க வந்தார்கள். எப்போது வருவார்கள் என்று தெரியாது. அதனால் வீட்டை எந்நேரமும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பேன். கொடியில் துணி தொங்கக் கூடாது. மகள் தரையில் கரியால் கிறுக்கக் கூடாது. சுவரில் ஓட்டை தெரியும் என்று காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கவில்லை, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் சமையலறையில் நுழைந்து பானை மூடியைத் திறந்து பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார்கள். வாசலில் முருங்கை ஆகாது என்றார் ஒருவர். காய்த்துக்கொண்டிருந்த மரம், வெட்டினேன். வெட்டிய பிறகு அவர் வரவேயில்லை. சாம்பாருக்கு ஒரு காய் கடையில் வாங்கும்போதெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வாங்குவேன்.

முதல் வருஷ லீவில் இவர் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நான் சோறு போட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஏன் இப்படி என்றேன். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறார்களாம். எதிரும் புதிருமாக உட்கார இடமில்லை, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எதுக்கு இருக்கேன்?” என்று கத்தினேன். அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். அடுத்த வேளையும் கழுவினார். மகள் அவரிடம் ஒட்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. மறுபடியும் கேட், மறுபடியும் துண்டு.

அதற்கடுத்த கோடையில்தான் ரோடு போட்டார்கள். தொழிற்பேட்டைக்கு லாரிகள் போய்வரச் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி ஒரு நேர் ரோடு. அது எங்கள் தெருவில் வந்து முட்டும் இடம் சரியாக எங்கள் வாசல். ரோடு போட்டவர்களுக்கு அது ஒரு முனை, அவ்வளவுதான். எங்களுக்கு அது தெருக்குத்து. தெரு நேராக வந்து குத்துகிற வீட்டில் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன் பிறகு பார்க்க வருகிறவர்கள் உள்ளேயே வரவில்லை. வாசலில் நிற்பார்கள், திரும்பி ரோட்டைப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றாமலே போய்விடுவார்கள். அவர்களுக்காகத் தண்ணீர் மொண்டு வந்த செம்போடு நான் நின்றுகொண்டிருப்பேன்.

தரகர்தான் வழி சொன்னார். “ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. செவுத்துல ஒரு மாடம் வச்சி, சின்னதா ஒரு புள்ளையார உக்கார வச்சிடு. குத்து எல்லாம் அவரு தாங்கிக்குவாரு.”

எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். திருப்பாச்சூர்க் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கல்வேலைக்காரரிடம் ஒரு முழ உயரத்தில் பிள்ளையார் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெளிச்சுவரில் மாடம் கட்டி, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உட்கார வைத்தோம். “நீ இருந்து எங்கள அனுப்பி வை” என்று வேண்டிக்கொண்டேன். நான் கேட்ட முறையில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது.

அந்தச் சுவர் நிழலில் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து உட்காருவாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளையார் வந்த பிறகு, சாமிக்கு எதிரில் மீன் விற்காதே என்று தெருவில் சத்தம் போட்டார்கள். அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அதே கூடையைக் கழுவிக் காயவைத்து, அதில் தேங்காயும் பூவும் கற்பூரமும் கொண்டுவந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். “இன்னாக்கா பண்றது, எடம் நல்ல எடம்” என்றாள்.

அவளுடைய நேரம், ஒரு மாதத்துக்குள் ஒரு ஜல்லி லாரி பிரேக் பிடிக்காமல் அந்த ரோட்டில் நேராக இறங்கி வந்தது. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. பள்ளத்தில் சக்கரம் இறங்கித்தான் நின்றது, நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கி வந்து, அவளிடம் ஒரு தேங்காய் வாங்கி உடைத்துவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த வழியாகப் போகிற லாரி ஒவ்வொன்றும் நின்றது. தகரப் பந்தல் வந்தது. மணி வந்தது. உண்டியல் வந்தது. சாயங்காலமானால் பூசை, செவ்வாய் வெள்ளியில் சுண்டல். கற்பூரப் புகை என் கூடத்துக்குள் வந்து சுற்றும். யாராவது வழி கேட்டால் “புள்ளையாரு ஊடு” என்றுதான் எங்கள் வீட்டைச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து நெல் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் வந்தார். மகன்களுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைக்கும், அதற்குள் இங்கே ஒரு வீடு இருக்கட்டும் என்று தேடி வந்தவர். மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமியே காவலுக்கு இருக்கச் சொல்லோ இன்னா பயம்?” என்றார். நாங்கள் கேட்ட விலைக்குக் கொஞ்சம்தான் குறைத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் அட்வான்ஸ் கொடுத்தார். தை மாதம் பத்திரம் பதிவது என்று பேச்சு. அன்றைக்கே இவருக்குத் தந்தி அடித்தேன். வாழ்நாளில் நான் அடித்த முதல் தந்தி அது. அன்று சாயங்காலம் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்தேன். மகளுக்கு நாங்கள் போகப்போகிற ஊரின் பேரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

அங்கே இவர் குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்தார், கிடைத்தும்விட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தாராம். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒரு கயிற்றுக் கட்டிலும் வாங்கிப் போட்டாராம். கிணறு கிடையாது, குழாய், தண்ணீர் உப்பே இல்லை, பருப்பு நன்றாக வேகிறது என்று எழுதியிருந்தார். நான் போய்ச் சமைக்க வேண்டிய பருப்பை அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் அந்தப் பெரியவர் தன் மனைவியை வீட்டைப் பார்க்கக் கூட்டி வந்தார். சாயங்காலப் பூசை நேரம். அந்த அம்மாள் சமையலறை, கிணறு எல்லாம் பார்த்துவிட்டுக் கூடத்தில் நின்றார். சுவருக்கு அந்தப்பக்கம் மணி அடித்தது, புகை வந்தது. அவர் என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் போய்க் கேட்டார்.

“தூரமான நாள்ல நீ எங்க இருப்ப?”

“அதோ, ஓரத்து ரூம்ல” என்றேன்.

“சாமி செவுத்த ஒட்டிக்கினா?”

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். “எனக்கு மூணு மருமவளுங்க. மாசம் பூரா எவளாச்சும் ஒருத்தி ஒதுங்கிக்கினுதான் இருப்பா. கோயில்ல குடும்பம் நடத்த முடியுமா? எங்களுக்குத் தாங்காதும்மா.”

அட்வான்ஸைத் திருப்பித் தரத் தட்டை எடுத்தேன். பெரியவர் கையை நீட்டவில்லை. “டப்பு போனா போவுது, வச்சிக்கோ தாயி” என்றார். கொடுத்த பணத்தை விட்டுவிட்டாவது இந்த வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு மனிதர் நினைக்கிறார். அதுதான் எனக்கு வலித்தது. ரோட்டின் தோஷத்துக்குப் பிள்ளையார் பரிகாரம். பிள்ளையாருக்கு என்ன பரிகாரம் என்று யாரைப் போய்க் கேட்பது?

நான் சும்மா இருக்கவில்லை. மாடம் கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டு, சாமியைப் பெயர்த்துக் கேட்டுக்குப் பக்கத்தில் அரசமரத்தடியில் மரியாதையாக வைத்துவிடலாம் என்றேன். அவர் உளியை வெளியே எடுப்பதற்குள் டீக்கடை ஆட்கள், லாரிக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். “ஊட்ட வித்துட்டு நீ போயிடுவ. அப்பால எங்கள யாரும்மா காப்பாத்துவாங்கோ?” என்றார் ஒருவர். “நான் வாங்கியாந்த சாமி, நான் வச்ச சாமி” என்று சண்டை போட்டேன். வைக்கிற வரைக்கும்தான் உன்னது என்றார்கள். கொத்தனார் உளியைப் பையில் போட்டுக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் நடையைக் கட்டினார். மீன்காரம்மா மட்டும் ஒரு பக்கமும் பேசாமல் தேங்காய்க் குடுமியை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இவருக்கு எழுதினேன். குடும்பம் வராததால் இவர் குவார்ட்டர்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆறு பேர் அறைக்கே திரும்பிப் போனார். கட்டிலை யாருக்கோ விற்றுவிட்டாராம். அந்தச் செய்தி வந்த நாள் நான் வாசல் தெளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை. இருட்டில் மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் வாசலில் விளக்கு எரிந்ததால், என் வீடு இருட்டாக இருப்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தரகரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு லீவுக்கு இவர் வரவில்லை, டிக்கெட் செலவைக் கடனுக்குக் கட்டிவிடு என்று எழுதினார். அடுத்த லீவில் வந்தபோது மகள் அவரை விருந்தாளிக்கு உபசாரம் செய்வதுபோலப் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அவரும் “இருக்கட்டும்மா” என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கடைசியில் வீட்டைக் கேட்டவள் மீன்காரம்மாதான். மூத்த பையனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது. படகில் இருந்த பங்கையும் வலையையும் விற்றுவிட்டார்களாம். நாங்கள் சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்டாள்.

“புள்ளையாரு கீறாரு, பரவால்லையா?” என்றேன், குத்தலாகத்தான்.

“அவரு இல்லன்னா நான் ஏன்க்கா வாங்கறேன்?” என்றாள். “தீட்டு கீட்டு எல்லாம் அவரும் நானும் பேசிக்கிறோம்.”

வயிறு எரிந்தது. என் சாமியை வைத்துச் சம்பாதித்து என் வீட்டையே வாங்குகிறாளே என்று எரிந்தது. ஆனால் அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களில் முகம் சுளிக்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான். சரி என்றேன். கடன் அடைந்தது, மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

பத்திரம் பதிய இவர் வந்தார். மாடத்துக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லா லட்சணமாத்தான் கீறாரு” என்றார். கும்பிட்டாரா என்று நான் கவனிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் இனிக் கிடைக்க நாளாகும், ஊருக்கு வெளியே ஓர் அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறேன் என்றார். பித்தளை மூட்டையைத் தூக்கியபோது கோணி இற்றுப் பிரிந்துவிட்டது. உள்ளே பாத்திரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அப்படியே ஒரு வேட்டியில் கட்டி எடுத்துக்கொண்டோம்.

மெட்ராஸ் போய் மெயில் ஏறினோம். மூன்று பேருக்கும் ஒரே பலகையில் இடம். நாலு வருஷமாக நான் கேட்டது இதைத்தான். மகள் ஜன்னலோரம், நடுவில் நான், பக்கத்தில் அவர். எங்கள் ஊருக்கு முந்தின ஸ்டேஷனான கவரைப்பேட்டை தாண்டியதும் அவர் எழுந்து வாசல்பக்கம் போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று நானும் மகளைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கேட் வந்தது. மூடியிருந்த கம்பிக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டியும் சைக்கிளோடு ஒரு ஆளும் நின்றார்கள். நாங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. அவர் தோள் துண்டை எடுத்து, உடம்பை வெளியே நீட்டி, அந்த இடத்தைப் பார்த்து ஆட்டினார். கேட் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஆட்டினார்.

“யாருக்கு நைனா காட்டற?” என்றாள் மகள். “நாங்க இங்கதான கீறோம்.”

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். யார் கேட்டது என்று பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பழக்கம்” என்றார்.

எங்கள் வீடு எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை. இடத்துக்கு வந்து, கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்து மூன்று இலையில் வைத்தேன். அவர் தன் இலையை எடுத்துக்கொண்டு பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, மரத் தடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.